பூனையின் மீது ஒரு வழக்கு

இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் விஷயங்கள் நேயர்கள் அறிந்தவையே. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பது, ஊருக்குப் போகும் ரயிலில் இடம் பிடிப்பது, வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவது என்று, பிழைக்க வந்த ஊரில் குடும்பம் நடத்துவோர்க்கு அன்றாடம் எதிர்ப்படும் காரியங்களையே இதுகாறும் பேசி வந்தோம். இம்மாதம் ஒரு பூனையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘பூனைக்குமா பக்கம் ஒதுக்குவது?’ என்று முகம் சுளிக்கக்கூடியவர்கள், கீழே வரும் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு சுளிக்கட்டும்.

செம்பூரில் வசிக்கும் ஓர் அன்பர் எழுதிய கடிதம் அது. நீண்ட கடிதமாதலால் சுருக்கித் தருகிறோம். ஒரே படுக்கையறை உள்ள வீடு, இரண்டாம் மாடி. மூன்று ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் மாடிப்படியில் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டி ஒன்றை அவருடைய மகள் எடுத்து வந்தாள். ஆண் பூனை, முத்து என்று பெயர். ஒரு வயதில் காயடித்தாயிற்று. பால்கனியில் வைத்த மணல் தட்டில்தான் அது மலசலம் கழித்து வந்தது. ஒரு நாளும் தவறியதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் அன்பருடைய தாயார், தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு, நிரந்தரமாக மகனோடு இருக்க வந்து சேர்ந்தார். அவர் வந்த சில வாரங்களில் தொடங்கியது தொல்லை. தாயாருடைய மெத்தையின் மீது ஒரு நாள், குளியலறைத் தரையில் ஒரு நாள், சலவைக்குப் போட்ட துணிக் குவியலில் ஒரு நாள் என்று முத்து சிறுநீர் கழிக்கலாயிற்று. வீடெங்கும் நாற்றம். கட்டடச் சங்கத்துக் காரியதரிசி இருமுறை வந்து எச்சரித்துப் போனார். ‘நான் வந்தது அதற்குப் பொறுக்கவில்லை, வஞ்சம் தீர்த்துக்கொள்கிறது’ என்பது தாயாரின் தீர்ப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூனையைச் சாக்கில் இட்டுக் கடற்கழிக்கு அப்பாலுள்ள மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவது என்று முடிவாகிவிட்டது. மகள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ‘நாங்கள் செய்யப் போவது தகுமா, தகாதா? தங்கள் பகுதியில் எழுதினால் எங்களைப் போன்ற பிறருக்கும் பயன்படும்’ என்று முடித்திருந்தார்.

பகுதியில் எழுதி, அச்சாகி, அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ ஞாயிறுகள் கடந்துவிடும். ஆகவே கடிதத்தை வைத்த கையோடு அவருடன் தொலைபேசியில் பேசினோம். தகுமா தகாதா என்பதை நாம் தொடவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

“பூனைக்குச் சிறுநீர் வருகிறதா?”

“வருகிறதே, சார்! அதுதானே தொல்லை!”

“ஒரு தடவைக்கு எவ்வளவு வருகிறது?”

அன்பர் சற்றுப் பேசாதிருந்தார். அளவைப் பார்க்கவில்லை என்றார். “இப்பொழுதே பாருங்கள்” என்று சொல்லி வைத்தோம். அரை மணியில் அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. வெள்ளை விரிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தளவு ஈரம், அதில் இளஞ்சிவப்பாக ஒரு சாயல். பூனை கால் மணிக்குள் மூன்று இடங்களில் குந்தி எழுந்ததாம்.

இந்தக் கேள்வியை நாம் முதலில் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை. 1994-ஆம் ஆண்டு நாம் நாகபுரியில் குடியிருந்தபோது நம் வீட்டிலும் ஒரு கடுவன் பூனை வளர்ந்தது, செம்பட்டை நிறம். ஒரு நாள் காலையில் அது வாசற்படியில் கிடந்த கால்மிதியின் மீது குந்தியது. விரட்டி அடித்தோம். பிறகு மணல் தட்டில் போய் நெடுநேரம் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எழுந்தது, மறுபடியும் போய் உட்கார்ந்தது. மலச்சிக்கல் என்று நாமாகவே முடிவு செய்து விளக்கெண்ணெய் புகட்டினோம். மறுநாள் மாலை வாந்தியெடுத்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. மூன்றாம் நாள் விடியலில் அங்கேயே இறந்து கிடந்தது. பின்னொரு சமயம் மிருக வைத்தியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மலம் அன்று, சலம் அடைத்திருக்கிறது” என்றார். கால்மிதியின் மீது அது குந்திய காலைதான் நம்மிடம் முறையிட வந்த காலை. அந்த முறையீட்டிற்கு நாம் கொடுத்த பதில் துடைப்பக் கட்டை.

ஆண் பூனையின் உடலமைப்பில் இந்த ஆபத்து பொதிந்திருக்கிறது. அதன் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சிறுநீர்ப் பையில் உண்டாகும் நுண்ணிய உப்புப் படிகங்களும் சளி போன்ற கசிவும் சேர்ந்து அடைப்பாக இறுகினாலும், சிறு கல் ஒன்று வந்து சிக்கினாலும், குழாய் வெறுமே வீங்கிச் சுருங்கினாலும் வழி மூடிவிடும். பை நிரம்பிக் கல்லைப் போல் ஆகும். மூத்திரத்தோடு வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்கும், பொட்டாசியம் ஏறும், அது மிகுந்தால் இருதயம் நின்றுவிடும். முழு அடைப்பு ஏற்பட்ட பூனை இரண்டு மூன்று நாட்களுக்குள் இறந்துவிடக்கூடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழல் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகையால், ஓர் ஆண் பூனை அடிக்கடி குந்தியும் சொட்டுச் சொட்டாகவே வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், அடிவயிற்றைத் தொட்டால் கத்தினாலும், குறியை ஓயாமல் நக்கினாலும், மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதற்கில்லை. அன்றிரவே வைத்தியரைத் தேடிப் போக வேண்டும். நம் தலைவலிக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையில் துண்டு கிள்ளிக் கொடுப்பாரும் உளர். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

செம்பூர் அன்பர் அன்றிரவே சென்றார். வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்துப் பை சிறிதாகவே இருக்கிறது, அடைப்பு இல்லை என்றார். ஸ்கேன் எடுத்ததில் கல்லும் இல்லை. சிறுநீரைச் சோதித்ததில் இரத்தம் இருந்தது, கிருமி இல்லை. இளம் பூனைகளுக்குக் கிருமியால் இந்நோய் வருவது அரிது என்பதால் அவர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை, வலி குறைய மருந்து கொடுத்து, “வீட்டில் சமீபத்தில் என்ன மாறியது?” என்று கேட்டாராம். மூத்திரப் பைக்கு வைத்தியம் செய்ய வந்த இடத்தில் குடும்ப சமாசாரம் எதற்கு என்று அன்பருக்கு வியப்பு.

அந்த வியப்புக்கு விடை இது. மூத்திர உபாதையோடு வைத்தியரிடம் வரும் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கல்லும் காணப்படுவதில்லை, கிருமியும் காணப்படுவதில்லை. பையின் உட்புறம் புண்ணானதுபோல் அழன்றிருக்கும். காரணம் மட்டும் புலப்படாது. அமெரிக்காவில் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் பையில் தோன்றினாலும் அதன் வேர் அச்சத்திலும் கலக்கத்திலும் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 2011-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உணவு வேளை, பேணும் ஆள் முதலியன மாறிய வாரங்களில், நோயுற்ற பூனைகள் மட்டுமல்லாமல் ஆரோக்கியமானவையும் வாந்தியெடுத்தன, உணவைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன என்று தெரியவந்தது. மாற்றம் நின்று, எல்லாம் ஒழுங்காகவும் முன்கூட்டித் தெரிவதாகவும் இருந்தபோது நோயாளிப் பூனைகளுக்கும் நோய் தணிந்தது.

மாற்றல் உத்தரவு ஒன்று வந்தால் நம் வீடுகளில் என்ன நேருகிறது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புது ஊரில் முதல் மாதம் குழந்தைக்குப் பேதியும் பெரியவர்களுக்குத் தூக்கமின்மையும் வந்தே தீரும். பூனை நம்மைவிட ஒருபடி அதிகம். அது ஆளோடு ஒட்டுவதினும் இடத்தோடு ஒட்டும் பிராணி. தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு வந்த தாயாரும், அவர் வரவால் தன் இடம் கலைந்துபோன பூனையும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள், இருவருக்கும் உறக்கமில்லை. ஒருவர் நோவை வாயால் சொல்ல முடிந்தது.

தாயாரின் தீர்ப்பை இனிப் பார்ப்போம். வஞ்சம் என்றால், ஒரு செயலைச் செய்து அதனால் இன்னாருக்கு இன்ன துன்பம் விளையும் என்று திட்டமிட வேண்டும். பூனை அவ்வாறு கணக்கிடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பின் மெத்தையை ஏன் தேடிப் போகிறது? தட்டில் குந்தும்போதெல்லாம் எரிச்சல் எடுத்தால், எரிச்சல் தட்டிலிருந்து வருகிறது என்று அது எண்ணிக்கொள்ளும், வேறிடம் தேடும். மென்மையான, ஈரத்தை உறிஞ்சும் இடம் அதற்கு இதமாக இருக்கும். துணிக் குவியலும் மெத்தையும் அத்தகையவை. நோய் தீர்ந்த பிறகும் சில பூனைகள் தட்டை வெறுப்பது இதனால்தான். கையும் களவுமாகப் பிடித்து அடிப்பதும், ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் பூனைக்கு ஒன்றே ஒன்றைத்தான் கற்பிக்கும்: இந்த மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது என்பது. அப்புறம் அது கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும். நோய் இருந்தால் அச்சத்தால் அதுவும் முற்றும்.

நிற்க. நோய் ஒருபுறம் இருக்க, தட்டைப் பற்றியும் நாம் அன்பரிடம் துருவித் துருவிக் கேட்டோம். அப்பொழுதுதான் முழுக் கதையும் வெளிவந்தது. தாயார் துணி உலர்த்துவதற்காகப் பால்கனியைக் கேட்டிருக்கிறார். தட்டு குளியலறை மூலைக்கு, சலவை யந்திரத்தின் அருகே, போயிற்று. யந்திரம் சுழலத் தொடங்கினால் தரையே அதிரும். இரவில் தாயார் வழக்கப்படி குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுப்பார். அதோடு, ஆசாரம் மிக்கவராதலால், தட்டை நாள்தோறும் பினாயில் விட்டுக் கழுவினார். அவர் செய்தது எல்லாம் நல்லெண்ணத்தில் செய்ததே. ஆனால் பூனையின் பக்கமிருந்து பார்த்தால், கழிப்பிடம் இடம் மாறியது. அங்கே இடி முழங்கியது. இரவில் கதவு சாத்தியிருந்தது. திறந்திருந்தபோதோ மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தது. நம்மை இப்படி ஒரு வீட்டில் குடிவைத்தால் நாமும் வேறு மூலை தேடியிருப்போம்.

பினாயிலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பூனையின் ஈரலுக்குப் பினாயில் வகைச் சரக்குகளை முறிக்கும் திறன் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். அவ்வழியே நஞ்சு உள்ளே போகும். தட்டைக் கழுவ வெந்நீரும் மணமில்லாத சோப்பும் போதும். கறைபட்ட இடத்தைப் பிளீச்சிங் திரவத்தால் துடைப்பதும் கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை முட்டும் நச்சு வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த துப்புரவுச் சரக்குகளும் பூனையின் மூக்குக்கு மூத்திர வாடையாகவே தோன்றி, அதே இடத்திற்கு மறுபடி வரவழைக்கும். செல்லப் பிராணிக் கடைகளில் என்ஸைம் கலந்த திரவம் விற்கிறார்கள். அது வாடையைத் தரும் பொருளையே சிதைத்துவிடும். ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, திரவத்தை ஊற்றி, புட்டியில் குறித்துள்ள நேரம்வரை ஊறவிட வேண்டும். நம்மவர்கள் ஊற்றிய மறுகணமே துடைத்துவிட்டுச் சரக்கு மோசம் என்கிறார்கள்.

இந்த மணல் தட்டு என்பதே பழைய வழக்கம் அன்று. முன்னாளில் பூனைக்குக் கொல்லைப்புறம் இருந்தது. குளிர் நாடுகளில் சாம்பலும் மணலும் பெட்டியில் இட்டு வைத்தார்கள். 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்து எட்வர்டு லோ என்ற வியாபாரி, தொழிற்சாலைத் தரையில் எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்றுவந்த களிமண் குருணையைப் பூனைக்கென்று அண்டை வீட்டு அம்மாள் ஒருவருக்குக் கொடுத்தார். அவருக்கு அது பிடித்துப்போகவே, பையில் கட்டி விற்கத் தொடங்கினார். அந்தக் களிமண் நம் பெண்மணிகள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியின் இனம்தான். ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பென்டோனைட் மண் 1980-களில் வழக்குக்கு வந்தது. நம் நாட்டில் கட்ச் பிரதேசத்தில் அது ஏராளமாகத் தோண்டி எடுக்கப்படுகிறது. இன்று மும்பைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுவே. கட்டடம் கட்டும் இடத்திலிருந்து அள்ளி வரும் மணலும் உதவும். ஆனால் மழைக்காலத்தில் அது எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈர மணலில் கால் வைக்கப் பூனைக்கு மனம் வராது.

பூனைகளில் பெரும்பாலானவை நாடுவது பொடியான, வாசனை சேர்க்காத மண்ணையே. மல்லிகை மணம், எலுமிச்சை மணம் என்று விற்பதெல்லாம் வாங்குபவருடைய மூக்குக்காகச் செய்தவை. மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் இருந்தால் தோண்டி மூட ஏதுவாகும். தட்டின் நீளம், மூக்கு முதல் வாலின் அடிவரை பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரைப் பங்கு இருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கடையில் தட்டு என்று விற்பவற்றுள் பல இதற்குப் போதா. சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்துச் சுவரைத் தாழ்வாக அறுத்துவிட்டால் காரியம் முடிந்தது. நாளைக்கு ஒரு முறையாவது கட்டிகளை அள்ளிவிட வேண்டும். இருமுறை ஆனால் நன்று. பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்று 2014-இல் அமெரிக்க, சர்வதேசப் பூனை வைத்தியச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஓர் அறை வீட்டில் இரண்டு தட்டை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒன்றே வைக்க முடிந்தால் அதை நல்ல இடத்தில் வையுங்கள் என்பதே நம் பதில்: சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து விலகி, யந்திரச் சத்தம் இல்லாமல், இரவும் பகலும் வழி திறந்து.

இவ்வளவும் குந்திக் கழிக்கும் பூனையைப் பற்றியது. மாதுங்காவிலிருந்து மற்றோர் அன்பர் கேட்டிருப்பது வேறு விவகாரம். அவர் வீட்டுப் பூனை நின்றபடியே வாலை உயர்த்தி நடுக்கிக்கொண்டு ஜன்னல் திரையின் மீதும் பீரோவின் மீதும் கொஞ்சமாகப் பீய்ச்சுகிறது. அது கழிப்பது அன்று, எல்லைக்கல் நாட்டுவது. காயடிக்காத கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற சத்து மிகுதியாக இருக்கும். அது காற்றுப்பட்டுச் சிதையும்போது வருவதுதான் அந்தச் சகிக்க முடியாத நெடி. காயடித்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். மாதுங்கா அன்பர் அதைச் செய்ய வேண்டும்; அதோடு ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை ஏதாவது வந்து அமர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால் கீழ்க் கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடலாம்.

வயது முதிர்ந்த பூனையின் கதை மற்றொன்று. மூட்டு வலியால் உயர்ந்த விளிம்பைத் தாண்ட இயலாமலோ, சிறுநீரகக் கோளாறாலும் நீரிழிவாலும் அடக்க மாட்டாமலோ அது வெளியே விட்டுவிடும். அங்கே தேவை தாழ்ந்த விளிம்பும் இரத்தப் பரிசோதனையுமே.

கம்பநாடர் அவையடக்கம் சொல்லும்போது தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். நம் வீட்டுப் பூனையோ கிண்ணத்துத் தண்ணீரையே முழுவதும் குடிப்பதில்லை. அதன் மூதாதை மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப் பூனை என்று 2007-இல் மரபணு ஆய்வால் நிலைநாட்டினார்கள். எலியின் உடலில் உள்ள ஈரமே அதற்குப் பெரும்பங்கு தண்ணீர். அவ்வாறு வந்த பிராணிக்கு, பத்தில் ஒரு பங்குகூட ஈரமில்லாத உலர் தீனியையே நாள் முழுவதும் வைத்தால் மூத்திரம் செறிந்துபோகும். படிகமும் எரிச்சலும் அதில் எளிதில் வரும். உலர் தீனியோடு ஈரத் தீனியைச் சேர்த்துக் கொடுப்பதும், வேகவைத்த கோழி அல்லது மீனோடு உப்பும் மசாலையும் சேராத வெறும் வேகவைத்த நீரை ஊற்றிக் கொடுப்பதும் நல்லது. பால் இதற்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. சைவ வீடுகளில் தயிர்ச் சோறே போதும் என்று வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: பூனை புலாலுண்ணி, நம் விரதம் அதற்குப் பொருந்தாது. அதை ஏற்க மனமில்லாதவர்கள் முயல் வளர்க்கலாம்.

மீன் சந்தையின் விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ‘அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்’ என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கிறது. மாடி வீட்டில் வளர்ந்து, மூத்திர உபாதையோடு சாக்கிலிருந்து கொட்டப்படும் பூனைக்கு அங்கே மீன் கிடைப்பதற்கு முன் கடிதான் கிடைக்கும். பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அந்தச் சட்டம் பிறப்பதற்கு வித்திட்டவர், மதுரையில் பிறந்து ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அவர் கொண்டுவந்த தனி மசோதாவே அரசாங்கத்தை இதில் இறங்கச் செய்தது. நாட்டியத்திற்காக அவரைப் போற்றும் நம் சங்கங்கள் இதை நினைப்பது குறைவு. சட்டம் விதிக்கும் அபராதமோ முதல் குற்றத்திற்கு 50 ரூபாய்க்கு மிகாது. மெத்தை வெளுக்கும் கூலிக்கும் காணாத தொகை.

செம்பூர் அன்பருடைய வீட்டில் பின்பு நடந்ததைக் கேட்க நேயர்கள் விரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை சாக்கு எடுக்கப்படவில்லை. தட்டு பால்கனிக்குத் திரும்பியது. துணிக்கொடி சற்று உயர்ந்தது. தாயாருடைய மெத்தைக்கு ரெக்ஸின் உறை போட்டார்கள். முத்துவுக்கு அலமாரி மேல் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டு, ஆள் வந்தால் ஏறி ஒதுங்க ஓரிடம் கொடுத்தார்கள். வேளை தவறாமல் ஈரத் தீனி வைத்தார்கள். ஒரு வாரத்தில் இரத்தம் நின்றது. மூன்றாம் வாரத்திற்குள் மெத்தையை விட்டுவிட்டது. இந்நோய் அடியோடு போவதில்லை என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அவ்வாறே நவராத்திரியில் வீடு நிறைய விருந்தினர் வந்துபோன வாரம் குளியலறையில் இரண்டு நாள் சொட்டுப் போட்டது. அன்றே வைத்தியரிடம் காட்டினார்கள்; அடைப்பில்லை; நாலைந்து நாளில் தெளிந்துவிட்டது.

தாயார் மட்டும் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. பூனை என்றால் வஞ்சம் உள்ளதுதான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஆனால் மகனும் பேத்தியும் சரியாக அள்ளுவதில்லை என்று காரணம் காட்டி, காலையில் மணல் அள்ளும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டுவிட்டார். அள்ளி முடித்ததும் அடுக்களைப் பக்கம் வந்து கணக்குச் சொல்வாராம்: “நேற்று மூன்று கட்டி. இன்றைக்கும் மூன்று. அளவும் சரியாக இருக்கிறது.”